சர்வகலாசாலை மாணாக்கரும் காலவொழுங்கும்

நமது கிராமத்து வித்தியாசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் மாணாக்கர் சிலர் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திச் சர்வகலாசாலை புகுகின்றனர். அவர் பெயர்கள் வித்தியாசாலை வாயிலிற் கட்டப்பெறும் துணியிலே பெரிய எழுத்தில் எழுதப்படுகின்றன. ஊரார் மகிழ்கின்றனர். அதிபரும் ஆசிரியரும் தம் உழைப்புப் பலித்ததென்று நெஞ்சு குளிர்கின்றனர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், அங்ஙனஞ் சென்றாருட் சிலர் முதலாண்டு முடிவிலே பரீட்சையில் தவறி, மறுமுறை எழுதியும் தேறாது, முகம் வாடி வீடு திரும்புதலையும் நாம் காண்கின்றோம். அச்செய்தியை எவரும் துணியில் எழுதுவதில்லை. தாய் அயலாருக்கு மறைக்கின்றாள். தந்தை பேச்சை மாற்றுகின்றார். வித்தியாசாலையோ பெரும்பாலும் அறிவதேயில்லை. இதற்குக் காரணம் யாது? இதனை நீக்குதற்கு வித்தியாசாலையிலே நாம் செய்யக்கடவது யாது? என்னும் இரண்டு வினாக்களையும் ஆசிரிய அன்பர்களின் சிந்தனைக்கு இங்கே எடுத்துக்கொள்வாம்.

காரணம்

புத்திக்குறைவே காரணமென்று கூறுதல் பொருந்தாது. தீவு முழுவதிலுமுள்ள மாணாக்கரோடு போட்டியிட்டு ஓரிடம் பெற்ற பிள்ளையைப் புத்தி குறைந்தவனென யார் கூறுவர்? ஆங்கிலமொழியிற் பாடங்கேட்கும் இடர், வறுமை, வீட்டுக்கவலை என்பன மெய்யான காரணங்களே. அவற்றை நாம் மறுக்கின்றோமல்லோம். ஆயின் அவற்றுட் பல ஆசிரியர் கைக்கு எட்டாதவை. எட்டக்கூடிய காரணமொன்று உண்டு. அது, தன் காலத்தைத் தானே ஆளும் பழக்கம் மாணாக்கனுக்கு இல்லாமையேயாம்.

அஃதெங்ஙனமெனின், பதின்மூன்று ஆண்டுகாலம் அப்பிள்ளையின் நேரத்தைப் பிறரே வைத்திருந்தனர். காலையில் எழுப்பினவள் தாய். எந்த மணிக்கு எந்தப் பாடம் என்று வகுத்தது பள்ளிக்கூடத்து நேரசூசிகை. பின்னேரத்தையும் சனி ஞாயிறுகளையும் தனிவகுப்புக்கள் எடுத்துக்கொண்டன. எதனைப் படித்தல் வேண்டும், எதனை விடலாம் என்பதையும் கடந்தகால வினாத்தாள்களை வைத்து ஆசிரியரே கூறிவிட்டனர். பிள்ளை உழைத்தான் என்பது உண்மை. எப்பொழுது உழைப்பதென்பதை ஒருநாளேனும் அவன் தானாகத் தீர்மானித்தானல்லன். நாமும் மிஷன் பள்ளி விடுதியிலே மணியோசையின்கீழ் வளர்ந்தவரே. எழுதற்கு ஒரு மணி, உண்ணுதற்கு ஒரு மணி, படித்தற்கு ஒரு மணி, விளக்கணைத்தற்கு ஒரு மணி. அம்மணியோசை நமக்குப் பல நன்மை செய்தது. ஆயின், மணியில்லாதவிடத்து எவ்வாறு எழுவது என்பதை அது கற்பிக்கவில்லை.

சர்வகலாசாலையிலோ அம்மணி இல்லை. வாரத்திற் சில மணித்தியாலமே விரிவுரை. எஞ்சிய நேரமெல்லாம் அவனுடையது. இன்று கொடுத்த ஒப்படையை ஆறு கிழமையின் பின் ஒப்புவித்தாற் போதும். இடையில் ஒருவரும் கேளார். முதலிரண்டு மாதம் அவனுக்கு விடுதலைபோலத் தோன்றும். மூன்றாம் மாதத்திற் பல ஒப்படைகள் ஒரே கிழமையில் வந்து குவியும். நான்காம் மாதம் பரீட்சை. அப்பொழுது இரவு முழுவதும் விழித்து, உணவு விட்டு, அஞ்சி, கலங்கி எழுதுகின்றான். சோம்பேறி என்று உலகம் அவனைச் சொல்லும். அவன் சோம்பேறியல்லன்; கற்பிக்கப்படாத ஒரு பாடத்திற் பரீட்சிக்கப்பட்டவன்.

முற்காலத்தில் இக்குறை இத்துணை பெரிதாகத் தோன்றவில்லை. 1921 இற் கொழும்பிலே யூனிவேர்சிற்றிக் கல்லூரி தொடங்கிய காலத்தும், 1942 இல் இலங்கைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்ற காலத்தும் அங்கே புகுந்தோர் சிறுதொகையினர். பெரும்பாலும் ஆங்கிலப் பாடசாலைகளிற் கற்றோர். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1974 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு வளாகம் திறக்கப்பட்டு, 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று கமக்காரன் மகளும் கடற்றொழிலாளன் மகனும் பட்டப்படிப்புக்குச் செல்கின்றனர். இது பெரும்பேறு. ஆயின் அங்கே எவ்வாறு நாளைக் கழிப்பது என்று சொல்லிக்கொடுக்க அப்பிள்ளையின் வீட்டிலே முன்சென்றவர் ஒருவருமிலர். ஆதலின் அக்கடமை ஆசிரியரையே சேர்ந்ததாகும்.

மணிக்கணக்கு

காலத்தைப்பற்றிய உபதேசம் பலவற்றிலும் பார்க்க ஒரு கணக்கு மாணாக்கன் மனத்தில் நன்கு பதியும். அதனைக் கரும்பலகையிற் போட்டுக் காட்டலாம்.

இலங்கையின் உயர்கல்வித் தகைமைச் சட்டகத்தின்படி கிறடிற் என வழங்கும் ஓர் அலகுக்கு மாணாக்கன் செலவிடவேண்டிய மொத்த உழைப்பு 50 மணித்தியாலம். ஓராண்டுக்கு 30 அலகு, அதாவது 1,500 மணித்தியாலம். அரையாண்டுப் பருவமொன்றுக்கு 15 அலகு எனின் 750 மணித்தியாலமாகும். பருவத்துக் கற்பித்தல் வாரங்கள் 15 ஆயின் வாரமொன்றுக்கு 50 மணித்தியாலம் வரும். எழுத்துப் பாடங்களில் அலகொன்றுக்கு 15 மணித்தியாலமளவே விரிவுரை நிகழும். எனவே வாரத்திற் கேட்பது 15 மணித்தியாலம். தானாகக் கற்கவேண்டியது 35 மணித்தியாலம். இவ்விரண்டு எண்களையும் அறியாது செல்லும் பிள்ளை, விரிவுரை முடிந்ததும் தன் வேலை முடிந்ததென்று எண்ணுகின்றான். பத்திலே மூன்று பங்கை முழுமையென மயங்குதலே அவன் வீழ்ச்சியின் தொடக்கம்.

இனி, வாரத்திலே 168 மணித்தியாலம் உள்ளன. நாளொன்றுக்கு 8 மணித்தியால நித்திரைக்கு 56 கழிய, 112 எஞ்சும். நீராடல், வழிபாடு, போசனம் முதலியவற்றிற்கு நாளுக்கு 3 ஆக 21 கழிய, 91. கல்விக்கு 50 கழிய, 41. போக்குவரவுக்கு 10 கழிய, 31. உடை துவைத்தல், கடைக்குச் செல்லல், அறை துப்புரவாக்கல் என்பவற்றிற்கு 7 கழிய, 24. விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் 7 கழிய, 17 மணித்தியாலம் மிஞ்சும். நண்பரோடு உரையாடுதற்கும், வீட்டாரோடு பேசுதற்கும், திருவிழாவுக்கும், சும்மா இருத்தற்கும் அது போதும். ஆங்கிலத்திற் படித்தல் முதலாண்டிலே மெதுவாகச் செல்லுமாதலின், அதற்கென நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டினாலும் 10 மணித்தியாலம் எஞ்சுகின்றது.

இக்கணக்கினால் அறியப்படுவது யாது? நேரம் போதாது என்பது உண்மையன்று. ஆயின் வீசியெறியத்தக்க மிகுதியும் இல்லை. நித்திரையைத் திருடாமலே படிக்கலாம்; விளையாட்டை விடாமலே சித்தியெய்தலாம். நாளுக்கு 3 மணித்தியாலம் கைத்தொலைபேசியிற் போகுமாயின் வாரத்துக்கு 21. மிஞ்சிய 17 உம் போய், 4 மணித்தியாலம் கடனாகும். அக்கடனை அவன் நித்திரையிலிருந்தே இறுப்பான்.

மூன்று ஏடுகள்

கணக்கு அறிந்தாற் போதாது; அதனை நடத்தற்குக் கருவி வேண்டும். மூன்று ஏடுகள் போதும். அவற்றிற்கு ஒரு கொப்பியும் ஒரு பென்சிலுமே செலவு.

முதலாவது பருவ ஏடு. பருவத்தின் முதற்கிழமையிலேயே 15 வாரங்களையும் ஒரே தாளில் வரைந்து, ஒப்படைகள், செய்முறைகள், பரீட்சைகள் என்பவற்றின் திகதிகளை அதிற் குறித்துச் சுவரிலே ஒட்டல் வேண்டும். எந்தக் கிழமையிற் பல வேலைகள் ஒருங்கே வந்து விழுமென்பது அப்பொழுதே கண்ணுக்குத் தெரியும். ஒப்படை ஒவ்வொன்றுக்கும் முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, நூல் தேடும் நாள், முதல் எழுத்து முடியும் நாள், திருத்தும் நாள் என மூன்று நாட்களைக் குறித்தல் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு வேலைக்கு எத்தனை நாட் செல்லும் என்று மதிப்பிடுவதில் மனிதர் யாவரும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். 1994 இற் பியூலர், கிறிபின், றொஸ் என்னும் உளநூலார் மூவர் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பட்டத்துக்குரிய ஆய்வுக்கட்டுரை எழுதிய மாணாக்கர் சராசரி 34 நாளில் முடிப்போமென்றனர். சென்றதோ 55 நாளுக்கு மேல். எல்லாம் பிழைத்துப்போயின் எத்தனை நாளாகும் என்று வினவியபொழுது அவர் கூறிய நாட்டொகையையும் அது கடந்தது. தாம் குறித்த நாளில் முடித்தவர் மூன்றிலொரு பங்கினருமிலர். ஆதலின் மாணாக்கன் தன் மனம் கூறும் நாட்டொகையை ஒன்றரை மடங்காக்கி ஏட்டில் எழுதுக. முன்செய்த வேலைக்கு உண்மையாகச் சென்ற நாளையும் குறித்து வைப்பானாயின், அடுத்தமுறை அதுவே நல்ல அளவுகோலாகும்.

இரண்டாவது வார ஏடு. ஞாயிறு மாலை அரைமணி நேரம் இதற்கு வேண்டும். விரிவுரை, செய்முறை, பயணம், நித்திரை, போசனம், விளையாட்டு என்பவற்றை முதலில் இட்டு, எஞ்சிய கட்டங்களிலே படிப்பு மணிகளை வைத்தல் முறை. 50 நிமிடம் படித்து 10 நிமிடம் எழுந்து உலாவுதல் நெடுநேரம் ஒரே இருப்பில் இருத்தலிலும் நன்று. கடினமான பாடத்தை மனம் தெளிந்திருக்கும் வேளையில் வைக்க. ஏடு ஒழுங்குபடுத்தல், நகல் எழுதுதல் முதலிய இலேசான வேலைகளைச் சோர்ந்த வேளைக்கு விடுக. அன்றியும், வாரத்தில் அரைநாளை ஒன்றும் எழுதாது வெறுமையாக விடல் வேண்டும். காய்ச்சல், மழை, வண்டி தவறுதல், வீட்டிலிருந்து வரும் அழைப்பு என எதிர்பாராதன ஒவ்வொரு கிழமையும் வரும். அவற்றிற்கு இடம் வைக்காத ஏடு செவ்வாய்க்கிழமையிலேயே கிழிந்துவிடும்.

மூன்றாவது நாள் ஏடு. முதல்நாள் இரவிலே மறுநாட் செய்யவேண்டிய பெரிய வேலைகள் மூன்றை மட்டும் எழுதுக. “பௌதிகம் படித்தல்” என்று எழுதுதல் பயனில்லை. அது எங்கே தொடங்கி எங்கே முடிவதென்று தெரியாது. “பௌதிகம், மூன்றாம் அதிகாரம் வாசித்து, ஐந்து கணக்குச் செய்தல்” என்று எழுதின், முடிந்ததா இல்லையா என்பது ஐயமின்றி விளங்கும்.

இம்மூன்றோடு ஒரு சிறு கிரமமும் வேண்டும். பாடமொன்றுக்கு ஒரு கோவை. தாள் ஒவ்வொன்றின் தலையிலும் திகதி. அன்று பெற்ற தாள் அன்றே கோவையிற் சேர்தல். பரீட்சைக்கு முந்திய நாளிலே தாள் தேடி அலையும் மாணாக்கன் படிக்கும் நேரத்தையும் இழக்கின்றான். மன அமைதியையும் இழக்கின்றான். படிக்கும் மணியிற் கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்க. செய்திகளுக்கு மறுமொழி கூற நாளில் இரண்டு வேளை குறிக்க.

ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்வேனென்று முனைதல் கூடாது. அவ்வாறு முனைந்தவன் மறுநாளும் தவறி, மூன்றாம்நாள் ஏட்டையே வீசிவிடுவான். தவறிய வேலையை வெறுமையாக விட்ட அரைநாளுக்கு மாற்றுக. அங்கும் அடங்காதாயின் அடுத்த வார ஏட்டில் எழுதுக. ஏடு மாணாக்கனைத் தண்டித்தற்கு வந்த அதிகாரியன்று. வழி தவறினவனை மீட்டுச் சேர்க்கும் கைகாட்டி மரமாம்.

படிக்கும் முறை

மணிகளை ஒழுங்குசெய்தும் படிக்கும் முறை பிழைத்தால் உழைப்பு வீணாகும். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885 இல் வெளியிட்ட நூலிலே, பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து மறதியை அளந்து காட்டினார். மீளக் கற்கும்பொழுது மிச்சமாகும் உழைப்பு 20 நிமிடத்தின்பின் நூற்றுக்கு 58, ஒருமணி நேரத்தின்பின் 44, ஒருநாளின்பின் 34, ஒரு மாதத்தின்பின் 21. பொருளுள்ள பாடம் இத்துணை விரைவில் மறக்கப்படாதெனினும், மறதி முதல்நாளிலேயே மிகுதியாக நிகழ்கின்றதென்னும் உண்மை யாவர்க்கும் பொதுவானது. ஆதலின் கேட்ட விரிவுரையை அன்றிரவே கால்மணி நேரம் மீட்டுப் பார்த்தல் வேண்டும். பின் மூன்றாம் நாளும், ஒரு கிழமையிலும், ஒரு மாதத்திலும் மீட்டல் நன்று.

மீட்டலாவது திரும்பத்திரும்ப வாசித்தல் அன்று. 2006 இல் றோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் வெளியிட்ட பரிசோதனையில், மாணாக்கர் ஒரு பகுதியை இருமுறை வாசித்தனர். வேறொரு பகுதியை ஒருமுறை வாசித்து, பின் பாராது நினைந்து எழுதினர். 5 நிமிடத்தின்பின் சோதித்தபொழுது இருமுறை வாசித்தவர் நூற்றுக்கு 81 உம், எழுதிப் பார்த்தவர் 75 உம் நினைவுகூர்ந்தனர். ஒரு கிழமையின்பின் சோதித்தபொழுதோ வாசித்தவர்க்கு 42. எழுதிப் பார்த்தவர்க்கு 56. வாசிப்பவனுக்கு உடனே எல்லாந் தெரிந்ததுபோலத் தோன்றுகின்றது. அத்தோற்றமே அவனை ஏமாற்றுகின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏடு பாராது பாடம் ஒப்புவித்த வழக்கம் இவ்வகையிற் பயனுடையதென்பது இதனால் விளங்கும். பொருளறியாது ஒப்புவித்தலை விலக்கி, பொருளறிந்து தன் சொல்லால் ஒப்புவித்தலை நம் வகுப்புக்களில் மீளவும் கொணர்தல் தகும்.

தேகமும் மனமும்

ஒழுங்கு என்பது படிப்பு மணிகளைக் கூட்டிக்கொண்டே போதல் அன்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளை எடுத்துக்கொள்வாம். சுண்ணக்கல்லின்கீழ் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. பங்குக் கிணற்றிலே அவரவர் முறைப்படி அளவாக இறைத்தால் நீர் இனிக்கும். பயிர் வாடுகின்றதே என்று ஒருவன் இராப்பகலாக இயந்திரம் வைத்து இறைப்பானாயின் கீழுள்ள உப்பு மேலேறும். அன்றைய பயிரும் கருகும், கிணறும் கெடும். மாணாக்கனது தேகமும் அத்தகையதே.

18 முதல் 25 வயதுடையார்க்கு 7 முதல் 9 மணித்தியால நித்திரை வேண்டுமென ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நித்திரை மன்றம் 2015 இற் பரிந்துரைத்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் இரசாயன பாடங்கற்ற 88 மாணாக்கரின் நித்திரையை, கையிற் கட்டிய கருவியினால் ஒரு பருவம் முழுவதும் அளந்து, அவ்வாராய்ச்சியை 2019 இல் வெளியிட்டனர். நித்திரையின் அளவு, தரம், ஒழுங்கு என்னும் மூன்றும் புள்ளி வேறுபாட்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கோடு தொடர்புற்றிருந்தன. பரீட்சைக்கு முந்திய ஓரிரவின் நித்திரைக்கும் புள்ளிக்கும் தொடர்பு காணப்படவில்லை. முந்திய கிழமையிலும் மாதத்திலும் நன்கு உறங்கினவர்க்கே நன்மை காணப்பட்டது. நித்திரை ஒன்றே காரணமென்று இதனால் முடிவுசெய்தல் ஆகாதெனினும், ஓரிரவிற் செய்து முடிக்கும் தந்திரம் நித்திரையிலும் இல்லை, படிப்பிலும் இல்லை என்பது தெளிவு.

உணவும் அவ்வாறே. காலைப்போசனத்தை விட்டுத் தேநீரோடு ஓடுதல் புதிய மாணாக்கரிடத்துப் பெருவழக்கு. பணத்துக்கும் ஓர் ஏடு வேண்டும். மாதத்தொகையை உணவு, பயணம், தாளும் நூலும், மருந்துக்கான சேமம் என நான்காகப் பிரித்து வைத்தல் நன்று. 1981 இல் நிறுவப்பெற்ற மகாபொல நிதியத்தின் உதவியையோ பிற உதவியையோ பெறுவோர், அது எப்பொழுதும் குறித்த நாளில் வந்துசேருமென எண்ணியிருத்தல் தகாது.

தனிமையும் ஒருவகை நோயே. வீட்டைப் பிரிந்து முதன்முறை வாழும் பிள்ளை, தான் ஒருவனே இடர்ப்படுகின்றானென்றும் மற்றவர் யாவரும் எளிதிற் கற்கின்றனரென்றும் எண்ணுவான். நல்ல நண்பர் இருவர் மூவர் கூடி வாரத்தில் ஒருமுறை பாடம் உரையாடுதல் கல்விக்கும் மனத்துக்கும் மருந்தாம். நித்திரையின்மை, உணவில் வெறுப்பு, வகுப்புக்குச் செல்ல அச்சம் என்பன இரண்டு கிழமை நீடிப்பின் மாணவ ஆலோசகரிடமோ வைத்தியரிடமோ செல்லல் வேண்டுமென்றும், அவ்வாறு செல்லல் இழிவன்றென்றும் நாம் முன்னரே சொல்லிவைத்தல் கடமை. புதிய மாணாக்கரின் இரவுகளை மூத்தோர் பறித்துக்கொள்ளும் பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தினால் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கப்பட்டுள்ளது. அதனையும் பிள்ளையும் பெற்றோரும் அறிந்து செல்லல் நன்று.

வித்தியாசாலையிற் செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் பிரியாவிடை நாளிலே ஒரு பிரசங்கமாகக் கூறிவிடுதல் பயன்தராது. நீந்தும் முறையைக் கரையிலிருந்து கூறிவிட்டுப் பிள்ளையை ஆழத்தில் விடுவாருளரோ? காலத்தை ஆளுதலைப் படிப்படியாகவே கையளித்தல் வேண்டும். ஆரியெலி, வேட்டன்புறோக் என்னும் இருவர் 2002 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குத் துணைசெய்கின்றது. மாணாக்கர் தாமே தமக்குத் தவணைநாள் குறித்தல் பயன்தந்தது. ஆயினும், ஆசிரியர் சமவிடையிட்டுக் குறித்த நாட்களின்படி செய்தவர் அவரினும் நன்கு செய்தனர். தன்னைத் தானே கட்டுதல் மனிதர்க்கு இயலும், ஆயின் பயிலாதவர் அதனைச் சரிவரச் செய்யார் என்பது இதன் கருத்து. எனவே நமது கட்டை ஒரேயடியாக அறுத்தலும் பிழை. இறுதிநாள் வரை இறுக்கி வைத்தலும் பிழை.

உயர்தர வகுப்பின் முதலாம் தவணையிலே, மாணாக்கர் ஒரு கிழமைக்குத் தம் மணிகள் எவ்வாறு கழிந்தன என்பதை உள்ளபடி எழுதி வருக. அதற்குப் புள்ளியுமில்லை, ஏச்சுமில்லை. ஏசினால் அடுத்த கிழமை பொய்க்கணக்கே வரும். இரண்டாம் தவணையில் ஆசிரியர் வகுத்த வார ஏட்டின்படி மாணாக்கர் நடக்க. மூன்றாம் தவணையில் மாணாக்கரே ஏடு வகுக்க. ஆசிரியர் திங்கட்கிழமைதோறும் பத்து நிமிடம் அதனைப் பார்வையிடுக. இரண்டாம் ஆண்டின் முதலாம் தவணையிற் பார்வையிடல் மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைக. அதன்பின் ஆசிரியர் ஏட்டைக் கேளாது, “சென்ற கிழமை எது தவறிற்று? அதற்கு என்ன செய்தாய்?” என்னும் இரண்டு வினாக்களை மட்டும் கேட்க. ஆறு கிழமைக்குரிய ஒப்படை ஒன்றை, இடையில் நினைவூட்டாது, இக்காலத்திற் கொடுத்துப் பார்த்தலும் வேண்டும். அதில் தவறுவோர் நம் கண்முன்னே தவறுவர். கைகொடுத்துத் தூக்க நாம் அருகிலிருப்போம். அங்கே தவறின் அருகில் யாருளர்?

பரீட்சை முடிந்து சர்வகலாசாலை புகும்வரை கிடைக்கும் நெடிய மாதங்களும் பொன்போன்றவை. அக்காலத்தில் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஆங்கில நூல் வாசித்தல், எளிய சமையல், உடை துவைத்தல், வங்கிக் கணக்கு நடத்தல் என்பவற்றைப் பழகச் சொல்லுக. ஆண்பிள்ளைகளுக்கு இது சிறப்பாக வேண்டும். தாயின் கையையே நம்பியிருந்தவன் விடுதியிற் சோற்றுக்கும் துணிக்குமே பாதிநாளை இழக்கின்றான். முன்சென்ற பழைய மாணாக்கர் இருவரை அழைத்து, அவர் பட்ட இடர்களைக் கூறச்செய்தல் நம் பத்துப் பிரசங்கங்களிலும் மேலாம்.

இரண்டு ஆட்சேபங்கள்

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கு நேரம் ஏது என்று ஆசிரியர் சிலர் வினவலாம். வாரத்துக்குப் பத்து நிமிடமே நாம் கேட்பது. அன்றியும் தன் நேரத்தை ஆளக் கற்ற மாணாக்கன் உயர்தரப் பரீட்சையையும் நன்கு எழுதுவானாதலின், கொடுத்த நேரம் வட்டியோடு திரும்பும்.

இத்தகைய ஏடுகள் பிள்ளையை இயந்திரமாக்கிவிடும் என்பது மற்றோர் ஆட்சேபம். அதுவும் சிந்திக்கத்தக்கதே. ஏட்டுக்காகப் பிள்ளை அன்று, பிள்ளைக்காகவே ஏடு. நண்பன் நோயுற்றிருக்க, இப்பொழுது படிப்பு மணியென்று அவனைப் பாராது செல்பவன் கற்றவனல்லன். ஆயின் ஒழுங்கில்லாதவனே உண்மையில் அடிமைப்படுகின்றான். இன்று அச்சத்துக்கும், நாளை கைத்தொலைபேசிக்கும், மறுநாள் பிறருடைய விருப்பத்துக்கும் அவன் ஏவல் செய்கின்றான். தன் வேலையை முடித்துவைத்தவனுக்கே நண்பன் பக்கத்தில் அமைதியாக இருக்க நேரமுண்டு.

ஆசிரிய அன்பர்களே, பிள்ளையைச் சர்வகலாசாலை வாயில் வரை கொண்டுபோய் விடுதலோடு நம் கடமை முடிந்ததென எண்ணாதிருப்போமாக. நம் கையிலுள்ள மணியை மெல்ல மெல்ல அவன் கையிற் கொடுத்து, அடித்துப் பழகச் செய்து, பின்னரே அனுப்புதல் வேண்டும். வரும் தவணையின் முதற்கிழமையிலே உயர்தர வகுப்பினருக்கு ஆளுக்கொரு கொப்பி எடுப்பித்து, 168 என்னும் எண்ணைக் கரும்பலகையில் எழுதி இப்பாடத்தைத் தொடங்குவீர்களாக.